குழுவில் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள்

"மாசம் எவ்வளவு கட்டணும் மேடம்?"

தென்மாவட்ட நகரம் ஒன்றிலுள்ள போதை மறுவாழ்வு மையத்தில், குடிநோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் மனைவியருக்காக நான் நடத்திவரும் ஆலோசனைக் குழுக்களின் முதல் கூட்டத்தில், பெரும்பாலும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். கேட்பவர் மீது தவறே இல்லை. 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழ்நாடு முழுவதும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களின் வழியாகத்தான் 'குழு' என்ற சொல் நம் ஊர்ப் பெண்களின் வாழ்க்கைக்குள் வந்தது. அந்தக் குழுவுக்கு ஊக்குநர் உண்டு, சேமிப்பு உண்டு, கடன் உண்டு, எல்லோரும் கையெழுத்துப் போடும் தீர்மானப் புத்தகம் உண்டு. ஆகவே, குழு என்று அழைத்தவுடன் இவர்கள் தேடுவது மூன்றை: தலைவி யார், நோட்டு எங்கே, எதற்காகக் கூடுகிறோம். நான் நடத்தும் குழுவில் நோட்டும் இல்லை, கட்ட வேண்டிய பணமும் இல்லை. பேசுவதற்காகவே கூடுகிறோம் என்று சொன்னால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையிலிருந்துதான் குழுவின் கதை தொடங்குகிறது.

இங்கே நான் எழுதுபவை ஒரே குழுவில் நடந்தவை அல்ல. பல குழுக்களில் கண்டவற்றைச் சேர்த்தும், ஆட்களை அடையாளம் காண முடியாதபடி மாற்றியும் எழுதுகிறேன். அந்த அறையில் பேசப்பட்டவை அந்த அறைக்கே உரியவை என்ற வாக்கை நான் கொடுத்திருக்கிறேன்.

குழு முதல் கூட்டத்தன்று பிறப்பதாக நினைப்பது தவறு. அதற்குப் பல நாட்களுக்கு முன்பே, ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சந்திக்கும்போதே அது உருவாகத் தொடங்கிவிடுகிறது. எட்டு முதல் பத்துப் பேர், பன்னிரண்டு வாரங்கள், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், இடையில் புதியவர்களைச் சேர்ப்பதில்லை என்பது எங்கள் ஏற்பாடு. யாரைச் சேர்ப்பது என்பதைவிட யாரை இப்போது சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்வதுதான் கடினம். தற்கொலை எண்ணத்தில் தவித்துக்கொண்டிருப்பவருக்கு முதலில் தேவை மருத்துவரும் தனி ஆலோசனையும்தான். ஒன்பது பேர் நடுவில் உட்கார வைப்பது அவருக்கும் நல்லதல்ல, அந்த ஒன்பது பேருக்கும் நல்லதல்ல. உறவினர்களை ஒரே குழுவில் சேர்க்கக் கூடாது என்பதைப் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை இரண்டு பெண்கள் ஓரகத்திகள் என்பதைக் கவனிக்காமல் சேர்த்துவிட்டேன். ஊர்ப் பெயர் வேறு வேறாக எழுதியிருந்தார்கள். மூன்று வாரங்கள் இருவரும் வாயே திறக்கவில்லை. மாமியார் வீட்டுக்கு எது போய்ச் சேருமோ என்ற அச்சம் அந்த இருவரோடு நிற்காமல் அறை முழுவதும் பரவியிருந்தது. மற்றவர்களும் தங்களைப் பற்றிச் சொல்லாமல், டாஸ்மாக் கடை நேரத்தைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் முடிந்தவுடன், தேநீர்க் குவளைகளைக் கழுவுவதற்கு முன்பே நான் செய்யும் ஒரு வேலை உண்டு. நோட்டில் ஒரு வட்டம் வரைந்து, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்களோ அங்கே அவர்களுக்கு ஒரு புள்ளி வைப்பேன். பிறகு, யார் யாரைப் பார்த்துப் பேசினார்கள் என்பதை அம்புக்குறிகளாகப் போடுவேன். ஒரு குழுவுக்குள் யார் யாரை நாடுகிறார்கள், யாரை விலக்குகிறார்கள் என்பதை இப்படிப் படமாக வரைந்து பார்க்கும் முறையை, வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற ஜேக்கப் மொரேனோ 1930களில் வளர்த்தெடுத்தார். உளநாடகம் என்ற சிகிச்சை முறையை உருவாக்கியவரும் அவரே. நான் போடுவது அவருடைய முறையின் எளிய வடிவம். பயிற்சிக்கு வரும் சமூகப்பணி மாணவியும் தனியாக ஒன்று வரைவார், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். முதல் வாரப் படம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஒன்பது அம்புகளும் என் புள்ளியில் வந்து குத்தி நிற்கும், என்னிடமிருந்து ஒன்பது அம்புகள் திரும்பிப் போகும், அவர்களுக்கிடையே ஒரு கோடும் இருக்காது. அதைக் குழு என்று சொல்ல முடியாது. ஒரே அறையில் ஒரே நேரத்தில் நடக்கும் ஒன்பது தனி ஆலோசனைகள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்த நிலையை அப்படியே நீட்டிக்கொண்டு போவது எளிது, இனிப்பாகவும் இருக்கும். "நீங்க சொல்லுங்க மேடம், நாங்க கேட்டுக்கிறோம்" என்று எட்டுப் பத்துப் பேர் சொல்லும்போது, சொல்ல நமக்கும் நிறையவே இருக்கிறது. நான் நடத்திய முதல் இரண்டு குழுக்களில் குடிநோய் மூளையை என்ன செய்கிறது, கணவர் குடித்துவிட்டு வந்தால் எப்படிப் பேச வேண்டும், கடன்காரருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் பாடம் நடத்தினேன். அவர்கள் தலையாட்டினார்கள், சிலர் குறிப்பும் எடுத்தார்கள். பன்னிரண்டாவது வாரப் படமும் முதல் வாரப் படத்தைப் போலவே இருந்தது. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போரின்போது இராணுவ மருத்துவமனையில் குழுக்களை நடத்திய வில்ஃப்ரெட் பியோன், குழு தன் வேலையைச் செய்யாமல் தப்பித்துக்கொள்ளும் வழிகளில் ஒன்றாக இதைத்தான் சுட்டிக்காட்டினார்: எல்லாம் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவர் நம்மைப் பார்த்துக்கொள்வார் என்று எல்லோரும் பேசி வைத்துக்கொண்டது போல நடந்துகொள்வது. நான் அந்த ஏற்பாட்டுக்கு முழுமனதோடு உடன்பட்டிருந்தேன் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இதில் எனக்கு ஓர் ஆறுதலும் உண்டு, ஏனென்றால் இந்தத் துறையே ஒரு பாட வகுப்பிலிருந்துதான் பிறந்தது. 1905ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், மலைவாச மருத்துவ இல்லங்களுக்குப் போக வசதியில்லாத ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒருமுறை கூட்டி, ஓய்வு, உணவு, நல்ல காற்று ஆகியவற்றைப் பற்றி வகுப்பு எடுத்தார். ஒவ்வொருவரும் தினமும் குறிப்பேடு எழுதி வர வேண்டும். அறிவுரையை ஒரே நேரத்தில் பலருக்குச் சொல்லலாம் என்பதுதான் அவருடைய முதல் எண்ணம். ஆனால், தன்னைப் போலவே இருமிக்கொண்டிருந்த ஒருவர் எடை கூடி வந்து நிற்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது, தன் சொற்களைவிட அதிகம் வேலை செய்வதை அவர் கவனித்தார். ஒரே நோய் அவர்களுக்குள் ஒரு தோழமையை ஏற்படுத்தியிருந்தது. குழு சிகிச்சையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

குழு வளரும் விதத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்லும் பெயர் புரூஸ் டக்மன். அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய அவர், சிறு குழுக்களைப் பற்றி அதுவரை வெளிவந்திருந்த 50 கட்டுரைகளைப் படித்துத் தொகுத்து, 1965இல் நான்கு கட்டங்களைச் சொன்னார்: கூடுதல், கொந்தளித்தல், நெறிப்படுதல், செயல்படுதல். 1977இல் மேரி ஆன் ஜென்சனுடன் சேர்ந்து ஐந்தாவதாகக் கலைதலையும் சேர்த்தார். இன்று இந்தப் பட்டியலை மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில், அலுவலகக் குழுக்களுக்கான பாடமாகத்தான் அதிகம் கேட்கிறோம். ஆனால் அவர் படித்த கட்டுரைகளில் பெரும்பகுதி சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை. கொந்தளிப்பு என்ற அந்த இரண்டாவது கட்டத்தைத் திட்டமிடலில் வரும் சிறு கருத்து வேறுபாடாகப் புரிந்துகொண்டவர்கள், சிகிச்சைக் குழு ஒன்றில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

எங்கள் குழுக்களில் அது பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் வருகிறது. ஒரு குழுவில், தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருவர், இரண்டு மாதமாக அம்மா வீட்டில் இருப்பதாகவும் இனித் திரும்பிப் போகப் போவதில்லை என்றும் சொன்னார். சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் மூத்த பெண் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை.

"எத்தனை அடி வாங்கியிருப்பேன், நான் விட்டுட்டா போனேன்? பொம்பள பொறுத்துப் போனாத்தான் குடும்பம் நிக்கும்."

"நீங்க பொறுத்துப் போனதாலதான்க்கா உங்க வீட்டுக்காரரு இருபது வருசமாக் குடிக்கிறாரு."

மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. மூத்தவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேறொருவர் என் பக்கம் திரும்பி, யார் சொல்வது சரி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். நான் உடனே பதில் சொல்லாததைக் கண்டதும், இளம்பெண்ணே என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்க வீட்டுல யாராவது குடிக்கிறாங்களா மேடம்? இல்லன்னா எங்க கஷ்டம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்வி, சொற்கள் மாறினாலும், எல்லாக் குழுக்களிலும் வருகிறது. வர வேண்டும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். முன்பொரு குழுவில் இதே கேள்வி வந்தபோது, நான் படித்ததையும் எத்தனை ஆண்டுகளாக இந்த வேலை செய்கிறேன் என்பதையும் சொல்லி, சண்டை பெரிதாகிவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் எல்லோரையும் கண்ணை மூடி மூச்சுப்பயிற்சி செய்ய வைத்தேன். அடுத்த வாரம் ஒன்பது பேரில் மூன்று பேர்தான் வந்தார்கள். கோபப்பட்டால் இந்த இடம் தாங்காது என்ற செய்தியை நான் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். வீட்டிலும் அவர்கள் கேட்டுப் பழகிய செய்தி அதுதான்.

இம்முறை, "இல்லைம்மா. எங்க வீட்டுல யாரும் குடிக்கிறதில்ல. நீங்க பட்டதை நான் பட்டதில்ல" என்று மட்டும் சொன்னேன். பிறகு மூத்தவரைப் பார்த்து, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டீர்களே, எழுந்து போகத் தோன்றுகிறதா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இளம்பெண்ணைப் பார்த்துத்தான் பேசினார்.

"எனக்கு அப்பப் போக எடமில்ல தாயி. எங்கம்மா வீட்டுல சேத்துக்கல."

அன்றைய படத்தில்தான் அந்தக் குழுவின் முதல் அழுத்தமான கோடு என் புள்ளியைத் தொடாமல் குறுக்கே ஓடியது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சண்டையை நடக்க விடுவது என்றால் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று பொருளல்ல. அடி உதை பற்றிய பேச்சில் நடுநிலை என்று ஒதுங்கக் கூடாது; அடிப்பது தவறு என்பதில் இரண்டு பக்கங்கள் இல்லை என்று அன்று தெளிவாகச் சொன்னேன், பெண்களுக்கான 181 உதவி எண்ணை எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தேன். இளம்பெண்ணைத் தனியாகச் சந்தித்து, அவர் தங்கியிருக்கும் இடம் பாதுகாப்பானதா என்றும் பேசினேன். யார் சரி என்ற தீர்ப்பை மட்டும் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், தோற்றவர் அடுத்த வாரம் வந்திருக்க மாட்டார். வென்றவர் என் பிள்ளையாகியிருப்பார்.

தலைவர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நான் இரண்டு ஆய்வுகளை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சமூக உளவியலாளர் குர்ட் லெவினும் அவருடன் பணியாற்றிய லிப்பிட், ஒயிட் ஆகியோரும் 1939இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வயதுச் சிறுவர்களின் கைவேலைக் குழுக்களை மூன்று விதமான தலைவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டளையிடும் தலைவரின் கீழ் வேலை ஒழுங்காகவே நடந்தது. ஆனால் அவர் அறையைவிட்டு வெளியே போனதும் நின்றுபோனது. கலந்து பேசி நடத்திய தலைவர் வெளியே போனபோதோ, சிறுவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். நான் அறையில் இல்லாத வாரத்தின் மற்ற நாட்களில்தான் இந்தப் பெண்களின் கணவர்கள் குடித்துவிட்டு வருகிறார்கள் என்பதால், இந்த முடிவு எனக்கு ஏட்டளவில் நிற்பதில்லை. இரண்டாவது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களின் குழுக்களை வைத்து லீபர்மன், யாலோம், மைல்ஸ் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு. குழுத் தலைவர்கள் செய்யும் வேலையை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள்: உணர்ச்சியைத் தூண்டுவது, அக்கறை காட்டுவது, நடப்பதற்குப் பொருள் விளக்குவது, நேரத்தையும் விதிகளையும் கவனித்து நடத்துவது. அக்கறையும் பொருள் விளக்கமும் கூடக்கூட நன்மை கூடியது. தூண்டுவதும் விதிப்படி நடத்துவதும் அளவோடு இருந்தால்தான் பயன்பட்டன. மிகக் கவர்ச்சியோடு, ஆளை உலுக்கி அழ வைக்கும் தலைவர்களின் குழுக்களில்தான் பாதிக்கப்பட்டு வெளியேறியவர்கள் அதிகம். அழ வைத்துவிட்டால் ஆலோசனை வெற்றி என்று நம்பும் பயிற்சியாளர்களை நம் ஊரிலும் பார்க்கிறேன். எனக்கு அவர்களைப் பற்றிக் கவலையாக இருக்கிறது.

கொந்தளிப்பைக் கடந்த குழு தனக்கென வழக்கங்களை ஏற்படுத்திக்கொள்கிறது. முதல் நாள் நான் படித்துக் காட்டிய விதிகள் என்னுடையவை. ஆறாவது, ஏழாவது வாரத்தில் வருபவை அவர்களுடையவை. ஒருவர் அழும்போது உடனே தண்ணீரை நீட்டி "அழாதக்கா" என்று சொல்லக் கூடாது, அழுது முடிக்க விட வேண்டும் என்பதை ஒரு குழு தானாகவே வழக்கமாக்கிக்கொண்டது. விடாமல் பேசிக்கொண்டே இருக்கும் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். அவரை நான் நிறுத்தினால் அது கண்டிப்பாகிவிடும். பூக்கட்டி விற்கும் ஒரு பெண், "நீ வீட்டுக்காரரப் பத்தியே சொல்லுதியே, ஒன்னப் பத்திச் சொல்லு" என்று அவரிடம் சொன்னபோது, அவர் முதன்முறையாகப் பேச்சை நிறுத்தி யோசித்தார்.

உளவள ஆலோசனையைத் தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்றும் சொல்கிறோம். சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படைகளில் வழி சொல்பவர் அறிஞரோ அதிகாரியோ அல்லர். வறுமையில் நடந்து, வள்ளலைக் கண்டு, பரிசில் பெற்றுத் திரும்பும் பாணரோ கூத்தரோ, எதிரே வரும் இன்னொரு வறியவரிடம் இந்த வழியாகப் போ என்று சொல்கிறார். அந்தச் சொல்லுக்கு நான் தகுதியானவள் அல்ல என்று பல நாட்கள் எண்ணியிருக்கிறேன், ஏனெனில் நான் அந்தப் பாதையில் நடந்தவள் இல்லை. குழுவில் அந்த வேலையைச் செய்வது பூக்கட்டும் பெண்தான். சிகிச்சை முடிந்து வந்த கணவர் மறுபடியும் குடித்த இரவில், சட்டைப்பையைத் துழாவாமல், பாட்டிலைத் தேடாமல், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாடியில் போய்ப் படுத்துத் தூங்கியதை அவர் சொன்னபோது, மற்றவர்கள் என் வகுப்பில் ஒருபோதும் கேட்காத கேள்விகளை அவரிடம் கேட்டார்கள். தூக்கம் வந்துச்சா? காலையில அவருக்கு டீ போட்டுக் குடுத்தியா? அரை மணி நேரம் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. 1951இல் குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காகத் தொடங்கப்பட்ட அல்-அனான் குழுக்கள் தொழில்முறைத் தலைவர் எவருமின்றி நடப்பது எப்படி என்று கேட்பவர்கள், இத்தகைய ஓர் அரை மணி நேரத்தைப் பார்த்தால் போதும்.

கட்டங்கள் படிக்கட்டுகள் போல ஏறிக்கொண்டே போவதில்லை. அறை மாறினால், ஒரு கணவர் இறந்துபோனால், இரண்டு வாரம் மழையால் கூட்டம் தடைபட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழு மறுபடியும் என் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். அப்போது எரிச்சல்படாமல், முதல் வாரத்தில் செய்ததைத் திரும்பவும் செய்ய வேண்டியிருக்கிறது.

கலைதல் பற்றித்தான் நான் அதிகம் கவனக் குறைவாக இருந்திருக்கிறேன். பன்னிரண்டாவது வாரத்தில் இனிப்பு வாங்கி, படம் எடுத்து, நன்றி சொல்லி முடித்துவிடுவது வழக்கமாக இருந்தது. இப்போது ஒன்பதாவது வாரத்திலேயே இன்னும் மூன்று கூட்டங்கள்தான் இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். சொன்னவுடன் யாராவது ஒருவர், மாதம் ஒருமுறை யார் வீட்டிலாவது கூடிக்கொள்ளலாம் என்பார். இன்னொருவர் அடுத்த வாரம் வரமாட்டார், பிரிவைத் தானே முந்திக்கொள்வதுபோல. சாவுக்கும் சண்டைக்கும் தவிர வேறு எதற்கும் பிரிந்து பழகாதவர்களுக்கு, முன்கூட்டியே சொல்லிக்கொண்டு, என்ன கிடைத்தது என்ன கிடைக்கவில்லை என்று பேசிப் பிரிவது புதிய அனுபவம். அதற்கு மூன்று வாரங்கள் தேவைப்படுகின்றன.

கடைசியாக முடிந்த குழுவின் பன்னிரண்டு படங்களையும் சென்ற வாரம் வரிசையாக மேசையில் பரப்பிப் பார்த்தேன். பத்தாவது வாரத்தில் கோடுகள் வலையைப் போல ஓடுகின்றன, என் புள்ளியில் இரண்டே அம்புகள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு சன்னலோரப் புள்ளி ஒன்றைக் கவனித்தேன். பன்னிரண்டு வாரமும் தவறாமல் வந்து, நேரத்துக்கு உட்கார்ந்து, எல்லோரும் பேசியதைக் கேட்டுவிட்டுப் போன ஒருவர். ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு அவரிடமிருந்து எந்த அம்பும் இல்லை, அவரை நோக்கியும் இல்லை. குழு தானாக ஓடத் தொடங்கியதும் நான் ஒதுங்கிக்கொண்டேன். ஒதுங்கியதில் அவரைப் பார்ப்பதையும் விட்டிருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் படத்தை வரைந்த கைக்கு அது தெரியாமல் போனது எப்படி என்று மாணவியோடு உட்கார்ந்து பேசினேன். பேசாதவருக்கு அம்பு போட முடியாது என்பதால் படத்தில் அவர் இருந்தும் இல்லாமல் ஆகிவிட்டார்.

இனி வாரந்தோறும், அம்பு இல்லாத புள்ளியைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டுத்தான் நோட்டை மூடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். வருகிற வியாழக்கிழமை தனியாக வருவதாகச் சொல்லியிருக்கிறார்.